வேகக் கார்களின் பிரேக்: கடைக்காரரும் கராஜ்காரரும் கவனிக்க வேண்டியவை

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவரிடம் ஒருவர் வந்து, "எவோ ஒன்றுக்கு முன் பேட் செட் ஒன்று வேணும்" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பது? மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் கார்களில், 1998இல் வந்த ஐந்தாம் மாதிரி தொடக்கம் ஜீஎஸ்ஆர் வகைக்கு இத்தாலியின் பிரெம்போ கலிப்பர் பொருத்தப்பட்டு வந்தது. ஆர்எஸ் வகையில் அப்படியல்ல. போட்டிக்காரர் தமக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று சாதாரண கலிப்பருடன் வந்த வண்டிகளும் உண்டு. சுபாரு இம்பிரெசாவிலும் இதே கதைதான். டபிள்யூஆர்எக்ஸ் என்றால் ஒரு கலிப்பர், எஸ்ரிஐ என்றால் இன்னொன்று. போதாக்குறைக்கு எஸ்ரிஐயின் சில்லு போல்ட் வட்டம் 2004 மாதிரி வரை 100 மில்லிமீற்றராக இருந்து, 2005 மாதிரியில் 114.3 மில்லிமீற்றராக மாறியது. ஒரு வருட வித்தியாசத்தில் டிஸ்க் பொருந்தாமல் போய்விடும். கையால் கை மாறி வந்த கார் என்றால் முந்திய சொந்தக்காரர் எதை மாற்றியிருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

எனவே காரின் பெயரைக் கேட்டுப் பொருள் கொடுக்கும் வழக்கம் இந்த வகை வாகனங்களுக்குச் செல்லாது. கழற்றிய பழைய பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கலிப்பரைப் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். இதனால் ஒரு வியாபாரம் அரை நாள் தள்ளிப் போகலாம். பொருந்தாத பொருள் திரும்பி வருவதைவிட அது மேல்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட கார்கள் எத்தனை ஓடுகின்றன, இதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருக்கிற வாகனத்தைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. வேகக் கார் வைத்திருப்பவர் அதில் இன்னும் ஒரு படி மேல். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், நுவரெலியா மஹகஸ்தோட்ட போன்ற போட்டிகளுக்குப் போகிறவர்களும், போகாமல் வீட்டில் துடைத்து வைத்திருப்பவர்களும் நல்ல பொருளுக்குப் பணம் கொடுக்கத் தயங்காதவர்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள். அவர்களிடம் வாய்ச் சவடால் எடுபடாது. அதோடு வேகக் காரின் பிரேக்கைப் புரிந்துகொண்டவருக்கு, மலையிறங்கும் வான் வண்டியின் பிரேக்கும் புரிந்துவிடும்.

பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி என்று சொல்கிறோம். உண்மையில் அது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்து நிற்கும்போது வெளிப்படும் சூடு, 2 லீற்றர் தண்ணீரைக் குழாயில் வரும் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அடுப்பில் பத்து நிமிடம் எடுக்கும் இந்த வேலை மூன்று நான்கு விநாடிகளில் நடந்து முடிகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 200 கிலோமீற்றரில் வந்து நிற்கும் கார் 8 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். என்ஜின் முன்னால் உள்ள கார்களில் இதில் பெரும் பங்கு முன் சில்லுகளின் தலையில்தான் விழுகிறது. பாரம் முன்னுக்குச் சாய்வதே காரணம்.

"எமது அதிவேக வீதியில்கூட எல்லை 100தானே, 200க்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் மலை இருக்கிறதே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது 1,000 மீற்றருக்கு மேல் கீழே வருகிறோம். அதே 1,500 கிலோ கார் 1,000 மீற்றர் இறங்கும்போது, என்ஜினும் காற்றும் பிடித்துக்கொள்ளும் பங்கைக் கழிக்காமல் பார்த்தால், 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 25 தடவை நிறுத்திய சூடு பிரேக்கில் சேரும். கியரைக் குறைத்து இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்லிக் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான்.

சூட்டை வெளியேற்றும் திறமைதான் டிஸ்க் பிரேக்கை வெல்ல வைத்தது. 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தில் ஜகுவார் சீ-டைப் கார் டன்லொப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்குடன் ஓடி முதலிடம் பெற்றது. எதிராளிகள் டிரம் பிரேக்கோடு வந்திருந்தார்கள். டிரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும், டிஸ்க்கோ வெளிக்காற்றில் சுற்றும். நீண்ட நேர்ப்பாதை முடிகிற வளைவில் மற்றவர்கள் முன்கூட்டியே மிதிக்க, ஜகுவார் சாரதிகள் பிந்தி மிதித்தார்கள். அவ்வளவுதான் இரகசியம். இன்று வேகக் காரில் மட்டுமல்ல, சாதாரண காரின் முன் சில்லிலும் காணும், நடுவே காற்று வழி விட்ட இரட்டைத் தட்டு டிஸ்க் இந்தப் பாதையில் வந்ததே.

இனி, சூடு மிஞ்சினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். பிரேக் "போகிறது" என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொன்னாலும், போகும் விதம் இரண்டு. முதலாவது, பேட் தன் பிடியை இழப்பது. பெடல் கல் போல் உறுதியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாவது, பிரேக் ஒயில் கொதிப்பது. பெடல் பஞ்சு போல் அமிழ்ந்து தரையைத் தொடும். திரவம் நெருக்குப்படாது, ஆவி நெருக்குப்படும். காலால் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் ஆவிக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும்.

வாடிக்கையாளர் முறைப்பாட்டோடு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பெடல் இறுக்கமாக இருந்ததா, அமிழ்ந்ததா? இறுக்கம் என்றால் பேட்டையும் டிஸ்க்கையும் பாருங்கள். அமிழ்ந்தது என்றால் ஒயிலைப் பாருங்கள்.

இரண்டாவது வகையில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கொதித்த ஒயில் ஆறியதும் குமிழிகள் கரைந்து பெடல் பழையபடி நன்றாகிவிடும். மறுநாள் காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தால் எந்தக் குறையும் தெரியாது. பாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. அப்போது உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அடுத்த முறை அதே இறக்கத்தில் அதே இடத்தில் மீண்டும் பெடல் தரையைத் தொடும். ஆகவே "பெடல் ஒரு தடவை கீழே போனது, பிறகு சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒயிலை முழுமையாக மாற்றாமல் வண்டியை வெளியே விடக்கூடாது. மாஸ்டர் பம்பையும் பார்த்துவிட வேண்டும். உள்ளே றப்பர் தேய்ந்திருந்தாலும் பெடல் கீழே போகும்.

ஒயில் ஏன் கொதிக்கிறது? சாதாரண பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. எமது நாட்டு ஈரக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போத்தலில் காணும் டொட் என்ற குறியும் இலக்கமும் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரத்தைக் குறிப்பவை. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. டொட் 4 என்றால் 230, டொட் 5.1 என்றால் 260. இவை புதுப் போத்தலின் கணக்கு. 3.7 வீதம் நீர் கலந்த பிறகு இதே எண்கள் முறையே 140, 155, 180 என்று விழுந்துவிடும். பழைய டொட் 4, புது டொட் 3ஐ விட மோசம் என்பதைக் கவனியுங்கள். விலை கூடிய ஒயிலை ஊற்றிவிட்டு ஐந்து வருடம் மறந்திருப்பவரை விட, சாதாரண ஒயிலை உரிய காலத்தில் மாற்றுபவர் பாதுகாப்பாக இருக்கிறார். சாதாரணப் பாவனைக்கு இரண்டு வருடம் என்பது பல உற்பத்தியாளர்கள் சொல்லும் கணக்கு. போட்டிக்குப் போகும் கார் என்றால் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் மாற்றுவார்கள். அவர்கள் பாவிக்கும் ஓட்டப்போட்டி ஒயில்கள் புதிதில் 300 பாகைக்கு மேல் தாங்கும்.

கடைக்காரருக்கு இதில் இரண்டு விஷயம். பெரிய தகரத்திலிருந்து சிறு போத்தலுக்கு ஊற்றி விற்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். திறந்த நாளிலிருந்தே அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. அரை லீற்றர் சீல் போத்தலே நல்லது. அடுத்தது, டொட் 5ஐயும் டொட் 5.1ஐயும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். புள்ளி ஒன்றுதானே என்று தோன்றும். டொட் 5 சிலிக்கோன் வகை, ஊதா நிறமாக வரும், மற்ற எதனோடும் கலக்காது, ஏபிஎஸ் உள்ள வாகனங்களுக்குப் பொதுவாக உகந்ததல்ல. டொட் 5.1 மற்றவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் வைத்தவர்களைத்தான் நோக வேண்டும்.

கராஜ்காரருக்கு ஒன்று. பிரேக் பாகங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும், ஒயில் குறைந்தால் கைக்குக் கிடைத்த என்ஜின் ஒயிலை ஊற்றுவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பிரேக் றப்பர்கள் பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். பிறகு மாஸ்டர் பம்ப் தொடக்கம் கலிப்பர் வரை றப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். ஏபிஎஸ் அலகுக்குள் போய்விட்டால் செலவைக் கேட்கவே வேண்டாம். பிரேக் ஒயில் பெயின்ட்டைத் தின்னும் என்பதும் தெரிந்ததே. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட்டுக்கு வருவோம். பேட்டின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்து வரிசையின் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது குளிர்ந்த நிலைப் பிடி, இரண்டாவது சூடான நிலைப் பிடி. ஈ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜீ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து எஃப் ஆகவும் இரண்டாவது ஈ ஆகவும் இருந்தால், சூட்டில் பிடி குறையும் பேட் அது. பொருளின் உழைப்பைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ இந்த எழுத்துகள் ஒன்றும் சொல்வதில்லை. ஐரோப்பியச் சந்தைக்கான பேட்டில் ஆர்90 என்ற விதிக்கான அங்கீகாரக் குறி இருக்கும். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் நாட்டின் இலக்கமும் காணப்படும். 1 என்றால் ஜேர்மனி, 3 என்றால் இத்தாலி, 11 என்றால் பிரித்தானியா. கம்பனிப் பேட்டின் திறமையோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே இது கிடைக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் காணும் இலைச் சின்னம் வேறு. அதில் ஏ, பீ, என் என்று மூன்று தரம் உண்டு. செம்பு, கல்நார் போன்றவை எவ்வளவு குறைவு என்பதையே அது காட்டும், பிடியை அல்ல. மூன்று இலை உள்ளது நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

"ரேசிங் பேட் போட்டால் இன்னும் நன்றாக நிற்குமா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். இலாபம் கூடிய பொருள் என்பதற்காகத் தலையாட்டிவிடக் கூடாது. ஓட்டப்போட்டிப் பேட் சூடேறிய பிறகே பிடிக்கும் விதமாகச் செய்யப்பட்டது. காலையில் வீட்டைவிட்டு இறங்கி முதல் சந்தியில் மிதிக்கும்போது அது சாதாரண பேட்டை விடக் குறைவாகவே பிடிக்கலாம். சத்தம் போடும், டிஸ்க்கைச் சாப்பிடும். பாடசாலைக்குப் பிள்ளையை ஏற்றிப் போகிற காருக்கு அது எதற்கு? வாரத்தில் ஆறு நாள் ஊரில் ஓட்டி, எப்போதாவது ஒரு நாள் வேகமாக ஓட்டுபவருக்கு வீதிப் பாவனைக்கான உயர்தரப் பேட்டும் புது ஒயிலும் போதும். போட்டிக்குப் போகிறவர் இரண்டு செட் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கும் இரண்டு விற்பனை.

டிஸ்க்கில் பெரும்பாலான சச்சரவு "ஆட்டம்" பற்றியது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி லேத்துக்கு அனுப்புவது வழக்கம். வார்ப்பிரும்பு டிஸ்க் அவ்வளவு இலேசில் வளைவதில்லை. அதிகமான சந்தர்ப்பங்களில், சூடான பேட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றதால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் படிந்திருக்கும். அல்லது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்து, டிஸ்க் மிகச் சிறிதளவு சரிந்து உட்கார்ந்திருக்கும். ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு வித்தியாசமே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும். ஆகவே ஹப்பைச் சுத்தமாகத் தேய்த்துத் துடைத்த பிறகே டிஸ்க்கைப் போட வேண்டும். சில்லு நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்காமல், டோர்க் ரென்ச்சால் எதிரெதிராக இறுக்குங்கள். ஸ்கிம் பண்ணுவதென்றால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை முதலில் பாருங்கள். கடைந்து அந்த அளவுக்குக் கீழே போன டிஸ்க் சூட்டைத் தாங்காது. துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகு, ஆனால் கடும் பாவனையில் வெடிப்புகள் துளையின் ஓரத்திலிருந்தே தொடங்கும். ஒவ்வொரு சேர்விஸிலும் துளைகளைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். வெடிப்பு ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கோ ஓரத்துக்கோ எட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, மாற்ற வேண்டியதுதான்.

கலிப்பரில் ஒரு நுணுக்கம். நான்கு பிஸ்டன் உள்ள நிலையான கலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிடக் கூடாது. மாற்றிப் பூட்டினால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்றோ மேலே நிற்கும். எத்தனை போத்தல் ஊற்றினாலும் பெடல் பஞ்சுதான். பல வகைகளில் பிஸ்டன்களும் ஒரே அளவல்ல, டிஸ்க் உள்ளே நுழையும் பக்கம் சிறியதும் வெளியேறும் பக்கம் பெரியதுமாக இருக்கும். இவ்வகைக் கலிப்பரில் உள்ளும் வெளியுமாக இரண்டு நிப்பிள் இருக்கும், இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்துவிட்டு "மாஸ்டர் பம்ப் பழுது" என்று பில் எழுதிய கதைகள் உண்டு.

சிவப்புக் கலிப்பரும் வெள்ளை எழுத்தும் இன்று யாரும் செய்துவிடக்கூடியவை. பிரெம்போ பெயரில் போலி வருவது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. அந்நிறுவனம் தன் உயர்திறன் பொருட்களுடன் இரகசிய இலக்கம் கொண்ட அட்டை ஒன்றை வைத்து அனுப்புகிறது. அந்த இலக்கத்தை நிறுவனத்தின் இணையத்தளத்தில் கொடுத்துச் சரிபார்க்கலாம். சாதாரண கலிப்பருக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மூடி விற்பதென்றால் அலங்காரம் என்றே சொல்லி விற்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் போலி பேட்டை அசல் என்று சொல்லி விற்பது விலையில் செய்யும் ஏமாற்று மட்டுமல்ல. வாங்கியவர் அந்த நம்பிக்கையில்தான் பிந்தி மிதிப்பார். மொத்த விற்பனையாளரிடம் எடுக்கும்போது பில்லில் பொருளின் பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். "பேட் 10 செட்" என்று எழுதிய துண்டு, பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றாது.

காபன் செரமிக் டிஸ்க் உள்ள கார்கள் இங்கே அரிது. போர்ஷே 911இல் 2001 அளவிலும், ஃபெராரி என்ஸோவில் 2002இலும் வந்த இந்த டிஸ்க், வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி எடைதான். போர்ஷேயில் மஞ்சள் கலிப்பரைக் கண்டால் பெரும்பாலும் உள்ளே அதுதான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். தேய்வைத் தடிப்பை மட்டும் அளந்து அறிய முடியாது. டிஸ்க்கில் குறைந்தபட்ச எடை குறிக்கப்பட்டிருக்கும், நிறுத்துப் பார்ப்பதும் ஒரு முறை. விலை கார் ஒன்றின் விலையை நினைவூட்டும். இதில் டயர் கடைக்காரர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. சில்லைக் கழற்றும்போது அது சரிந்து டிஸ்க்கின் ஓரத்தில் மோதினால் சில்லுடையும். அந்த ஒரு தட்டில் டயர் கடையின் பல மாத வருமானம் போய்விடும். போல்ட் ஒன்றின் இடத்தில் வழிகாட்டிக் கம்பி ஒன்றை முறுக்கிக்கொண்டு, சில்லை அதன்மேல் நேராக இழுத்து எடுங்கள். பழக்கமில்லை என்றால் அந்தக் காரை ஏற்காமல் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புது பேட்டும் டிஸ்க்கும் போட்டவுடன் வேலை முடிந்துவிடாது. இரண்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வெறிச்சோடிய வீதியில் 80 கிலோமீற்றர் அளவிலிருந்து 20 வரை, முற்றாக நிறுத்தாமல், நடுத்தரமாக மிதித்து எட்டுப் பத்துத் தடவை குறைக்க வேண்டும். பிறகு பிரேக் பிடிக்காமல் சில கிலோமீற்றர் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது காலை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றால், மேலே சொன்ன படிவு அங்கேயே உண்டாகிவிடும். பேட் உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இதை ஒரு சிறு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துப் பெட்டியோடு கொடுக்கும் கடைக்குச் சத்தம், ஆட்டம் என்று திரும்பி வரும் பேட் குறையும். கராஜ்காரர் என்றால் கூலியோடு சேர்த்துத் தானே செய்து கொடுப்பது நல்லது.

கடைசியாக, வேகக் காரைவிட அதிகமாக உங்கள் வாசலுக்கு வரும் ஹைபிரிட்டைப் பற்றியும் ஒரு சொல். பிரியஸ், அக்வா, வெசல் போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும் பங்கை மோட்டார் எடுத்துக்கொள்வதால் பேட் மிக மெதுவாகத் தேயும். "பேட் இன்னும் இருக்கிறது" என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பாவனை குறைந்த கலிப்பரின் சறுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகுவது இந்த வண்டிகளில்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி, அதற்குரிய கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். மின்சாரக் கைப்பிரேக் உள்ள புதிய வாகனம் என்றால், பின் பேட் மாற்ற முன் ஸ்கேனர் மூலம் அதைச் சேர்விஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய முறையில் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் மோட்டார் உடைந்துபோகும்.